புரவி தூக்கிய தோள்

2019 சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய அதே வாரத்தில்தான் மார்வெல் நிறுவனத்தின் சூப்பர் ஹீரோ படமான ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ மதுரைக்கு வந்தது. அந்த வருடம் தேரோட்டமும் நாடாளுமன்றத் தேர்தலும் ஏப்ரல் 18 அன்று ஒரே நாளில் வந்து, நம் தொகுதியில் மட்டும் இரவு 8 மணி வரை ஓட்டுப் போட்டது பலருக்கும் நினைவிருக்கும். மறுநாள் விடிகாலை ஆற்றுக்குள் நெரிசலில் நின்றேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு தியேட்டர் வாசலில் இன்னொரு நெரிசலில் நின்றேன். அவனுக்கு அப்போது 15 வயது. பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தான். படம் 3 மணி நேரம். வட்ட வட்டமாக நெருப்பு வாசல்கள் திறந்து, சாம்பலாய்ப் போனவர்கள் எல்லாம் வரிசையாக வெளியே வந்தபோது தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது. கொஞ்ச நேரத்தில் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் இடிபாட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடி உயிரை விட்டார். பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் பையன் சட்டைக் காலரை வாயில் கவ்விக்கொண்டு அழுகிறான். சத்தம் வெளியே வந்துவிடக் கூடாது என்று கவ்வியிருக்கிறான். எனக்குக் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

வெளியே வந்து சிம்மக்கல்லில் டீ குடிக்க நின்றோம். நான் சொல்லியிருக்கக் கூடாத ஒன்றைச் சொன்னேன். “கிராபிக்ஸப் பார்த்து எதுக்குடா மாப்ள இப்படி அழுகுற?” அவன் கோபப்படவில்லை. டம்ளரைக் கல்லின் மேல் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: “மாமா, நீங்க கடைசி நாளைக்கு மட்டும் வந்துட்டுப் பேசுறீங்க.”

அந்த ஒரு வரி என்னை விடவே இல்லை. சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி எனக்கு ஒரு தீர்மானமான கருத்து இருந்தது. அதை நண்பர்களிடம் பல வருடமாகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். இந்தப் படங்கள் ஒரு காலத்தில் மனிதர்களைக் காட்டின, இப்போது வாணவேடிக்கை காட்டுகின்றன என்பதுதான் அது. பையன் என்னோடு வாதாடவில்லை. நான் எங்கே நின்று பார்க்கிறேன் என்பதை மட்டும் சுட்டிக் காட்டினான்.

பீட்சாவும் வாடகையும்

என் கருத்து எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2004இல் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’. சாம் ரெய்மி இயக்கி டோபி மெக்வயர் நடித்தது. எனக்கு அப்போது 20 வயது. பகலில் ஒரு அச்சகத்தில் வேலை, சாயங்காலம் கல்லூரி. மாதக் கடைசியில் ரூம் வாடகைக்குக் கை பிசைந்துகொண்டு நிற்கும் காலம். அந்தப் படத்தின் ஹீரோ 29 நிமிடத்துக்குள் பீட்சாவைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் வேலையை இழக்கிறான். வாடகை கேட்டு வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார். சிவப்பும் நீலமுமான அந்த உடையைத் துவைக்கப் போட்டால் சாயம் போய் மற்ற துணியெல்லாம் பாழாகிறது. காதலிக்கும் பெண்ணின் நாடகத்துக்குத் தாமதமாகப் போய் உள்ளே விடாமல் வெளியே நிற்கிறான். ஊரைக் காப்பாற்றுகிறவனுக்கு ஒரு நாள்கூட நேரத்துக்கு எங்கும் போய்ச் சேர முடியவில்லை. அந்தப் படம் எனக்கு என் வாழ்க்கை மாதிரியே இருந்தது.

அந்தப் படத்தில் ஒரு ரயில் காட்சி வருகிறது. பிரேக் போன ரயில் பாலத்தின் முனையை நோக்கி ஓடுகிறது. அவன் ரயிலின் முகப்பில் நின்று இரண்டு பக்கக் கட்டடங்களின் மேலும் வலையை வீசி, இரு கைகளும் பிய்ந்து போகிற மாதிரி இழுத்துப் பிடிக்கிறான். உடை கிழிகிறது. முகமூடி ஏற்கெனவே இல்லை. ரயில் விளிம்பில் நின்றதும் மயங்கி முன்னால் சரிகிறான். உள்ளே இருக்கும் பயணிகள் கண்ணாடி இல்லாத முகப்பு வழியாகக் கைகளை நீட்டி அவனைப் பிடித்து, தலைக்கு மேலே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றி மாற்றிக் கொண்டுபோய்த் தரையில் கிடத்துகிறார்கள். முகத்தைப் பார்த்தால் சின்னப் பையன். என் மகனைவிடப் பெரியவன் இல்லை என்கிறார் ஒருவர். இதற்கு மேல் அந்தக் காட்சியில் நடப்பது குறைவுதான். ஆனால் அன்றைக்கு நான் அழுத அழுகைக்குக் காரணம் ரயில் இல்லை. மேலூர்ப் பக்கம் அம்மா ஊரில் நான் பார்த்த ஒரு காலை நேரம்.

அந்த ஊரில் அய்யனாருக்குப் புரவி எடுப்பு நடக்கும். மழை பிந்திப் போகாமல், ஊரார் கையில் கொஞ்சம் காசு புழங்குகிற வருடங்களில்தான் நடக்கும். சடங்காகப் பிடிமண் கொடுத்ததிலிருந்து, மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டில் மண் குதிரைகள் உருவாகத் தொடங்கும். ஆள் உயரத்துக்கும் மேலே, திறந்த வாயும் பிதுங்கிய கண்ணுமாக, சுட்டு வெள்ளையடித்து வண்ணம் தீட்டி நிற்கும். நாள் வந்ததும் கழிகளில் பிணைத்துத் தோளில் தூக்கிப் பொட்டலிலிருந்து கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். கொட்டும் குலவையும் வேட்டுச் சத்தமுமாக, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கூட்டத்துக்கு மேலே குதிரை தானாகவே நடந்து வருகிற மாதிரி இருக்கும். எனக்கு அப்போது 9 வயது. ராத்திரி முழுக்க நான் பார்த்தது குதிரையை மட்டும்தான். மறுநாள் காலையில் எழுந்து வந்தால் தாய்மாமா திண்ணையில் சட்டை இல்லாமல் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். வலது தோள் தோலுரிந்து, சுற்றிலும் கன்றிப்போய் நீலம் பாரித்துக் கிடக்கிறது. அத்தை உப்பு வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். “வலிக்குதா மாமா” என்று கேட்டேன். “ராத்திரி தெரியல. இப்பத்தான் தெரியுது” என்றார்.

ரயிலை நிறுத்திவிட்டுச் சரிந்த அந்தப் பையனின் தோளில் நான் பார்த்தது இதைத்தான். அந்தப் படம் காட்சி நுட்பத்துக்கு, அதாவது விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கியது என்பதே எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அவ்வளவு கிராபிக்ஸ் இருந்தும் அது கண்ணை உறுத்தவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு பிரம்மாண்டத்துக்கும் மறுநாள் காலை என்று ஒன்று அதில் இருந்தது. ஆகவே என் மனசுக்குள் ஒரு விதி உருவாகிவிட்டது. நல்ல சூப்பர் ஹீரோ படம் என்றால் தோள் தெரிய வேண்டும். வெறும் குதிரையைக் காட்டினால் அது திருவிழா லைட் செட்டிங்.

கொடியேற்றத்திலிருந்து வந்தவன்

சரி, பையன் சொன்னதற்கு வருகிறேன். அந்த மே மாத விடுமுறையில் அவனையே கேட்டேன், நான் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று. எண்ட்கேம் மார்வெலின் தொடர் பட வரிசையில் 22ஆவது படம். எல்லாவற்றையும் பார்க்க உங்களுக்குப் பொறுமை இருக்காது மாமா என்று சொல்லி, ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 11 படங்களை எழுதிக் கொடுத்தான். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் தமிழ் டப்பிங்கில் பார்த்தோம்.

2008இல் வந்த முதல் அயர்ன் மேன் படத்தில் டோனி ஸ்டார்க் ஒரு ஆயுத வியாபாரி. தன் கம்பெனி பெயர் அச்சடித்த குண்டு தன் முன்னாலேயே வந்து விழுந்து வெடித்து, அதன் சில்லுகள் நெஞ்சில் பாய்கின்றன. குகையில் அடைபட்டுக் கிடக்கும்போது கூட இருக்கும் யின்சென் என்ற மனிதர்தான் அவர் உயிரைக் காப்பாற்றுகிறார். தப்பிக்கும் நேரத்தில் இவருக்காகத் தன் உயிரையும் கொடுத்துவிட்டு, வாழ்க்கையை வீணடித்துவிடாதே என்று சொல்லிச் சாகிறார். 2012இல் வந்த முதல் அவெஞ்சர்ஸில் கேப்டன் அமெரிக்கா டோனியின் முகத்துக்கு நேரே, அடுத்தவனுக்காக உயிரைக் கொடுக்கிற ஆள் நீ இல்லை என்கிறார். அதே படத்தின் முடிவில் டோனி அணுகுண்டைச் சுமந்துகொண்டு வானத்து ஓட்டைக்குள் போகிறார். கடைசியாகக் காதலிக்கு போன் போடுகிறார், அவள் எடுக்கவில்லை. இதை நான் தனியாகப் பார்த்திருந்தால் ஒரு சண்டைக் காட்சி என்று கடந்திருப்பேன். ஆனால் அடுத்த வருடம் வந்த மூன்றாவது அயர்ன் மேன் படத்தில் அந்த மனிதருக்குத் தூக்கம் வரவில்லை. நியூயார்க் என்று யாராவது சொன்னாலே மூச்சு முட்டுகிறது. பனியில் ஒரு சின்னப் பையன் முன்னால் உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்கிறார். “பார்த்தீங்களா மாமா” என்றான் மருமகன். நான் அவனுக்குத் தாய்மாமா தோளைப் பற்றிச் சொன்னதே இல்லை. மறுநாள் காலையை அவன் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தான். என் படத்தில் அது அதே படத்துக்குள் வந்தது, அவன் படத்தில் அது அடுத்த வருடம் வந்தது. நான் பார்த்தது சிறுகதை, அவன் படித்துக்கொண்டிருந்தது தொடர்கதை.

2016இல் வந்த ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்தில் ஒரு தாழ்வாரக் காட்சி உண்டு. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் டோனியிடம் வந்து அவன் போட்டோவைக் கையில் திணிக்கிறார். முந்தைய வருடத்துப் படத்தில் ஒரு நகரமே வானத்தில் தூக்கப்பட்டு உடைந்ததே, அந்த வாணவேடிக்கையில் செத்துப்போன பையன் அவன். அதை நான் மூன்று தடவை திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிரம்மாண்டத்துக்கான பில் ஒரு வருடம் கழித்து, கைப்பையோடு ஒரு அம்மா வடிவத்தில் நடந்து வருகிறது.

நம்மூரில் இது நமக்குப் புதிதா? சித்திரையில் வெளியூர்க்காரர் ஒருவர் அன்று காலை மட்டும் வந்து நின்றால் அவருக்குத் தெரிவது தங்கக் குதிரையும் பத்து லட்சம் தலையும் தோல் பையில் பீய்ச்சும் தண்ணீரும்தான். கொடியேற்றத்திலிருந்து கூடவே இருப்பவருக்குத் தெரிவது வேறு. தங்கச்சி கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு கிளம்பிய அண்ணன், வருகிற வழியில் கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, ஊருக்குள் வராமலே வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். ஆற்றங்கரையில் நின்று கண் கலங்குகிற பாட்டிகள் குதிரையின் தங்கத்துக்கு அழவில்லை, அந்தத் தாமதத்துக்கு அழுகிறார்கள். ஆனால் தங்கக் குதிரை இல்லாமல் அந்தத் தாமதம் இத்தனை லட்சம் பேருக்கும் போய்ச் சேர்ந்திருக்குமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சேர்ந்திருக்காது. கதாபாத்திரத்தையும் பிரம்மாண்டத்தையும் தராசின் இரண்டு தட்டில் வைத்துப் பார்த்த என் பழக்கம் அந்த மே மாதத்தில்தான் விட்டுப்போனது.

குரல் மாறிய கதை

அந்த விடுமுறையில் பையன் சொன்ன இன்னொன்று இன்றுவரை என்னை யோசிக்க வைக்கிறது. எண்ட்கேமின் தமிழ்ப் பதிப்பில் டோனிக்கு நம் முன்னணி நடிகர் ஒருவரைப் பேச வைத்தார்கள். அவர் நடிப்பில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் வருடக்கணக்கில் ஒரு டப்பிங் கலைஞரின் குரலில் டோனியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது இடி மாதிரி இறங்கியது. “மூஞ்சி அவருதான் மாமா, ஆளு அவரு இல்ல” என்றான். வெடித்த கட்டடங்கள் அதே கட்டடங்கள்தான், பறந்த கவசம் அதே கவசம்தான், தமிழுக்கென்று ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. குரல் மாறியதும் மனிதர் காணாமல் போய்விட்டார். அப்படியானால் ஏன் அழுதாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சாகும்போது அவரு பேசவே மாட்டாரு மாமா” என்றான். உண்மைதான். மனைவியின் பெயரை ஒரு தடவை முனகுவதோடு சரி. வாயாடியாகவே 11 வருடம் வாழ்ந்த மனிதர் பேச்சில்லாமல் சாகிறார். பேச்சு நின்ற அந்த இடத்தில் பையனுக்குப் பழைய டோனி திரும்பக் கிடைத்துவிட்டார்.

இப்படி விட்டுக்கொடுத்தாலும், எல்லாவற்றையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த 11 படங்களில் சிலவற்றில் முகமே இல்லாத சாம்பல் நிறப் படைகள் ஆயிரக்கணக்கில் வந்து செத்துக்கொண்டே இருக்கும் நீண்ட நேரங்கள் இருக்கின்றன. அதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. அதே சமயம் தானோஸ் என்ற வில்லன், ஜோஷ் ப்ரோலின் நடிப்பைப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் உருவாக்கிய உடம்பு. மலை முகட்டில் தான் வளர்த்த மகளைப் பலி கொடுக்குமுன் அந்த ஊதா முகத்தில் கண்ணீர் வழிகிறதே, அங்கே மனிதர் எது, கிராபிக்ஸ் எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது வேறு விஷயத்தில். பல பிரபஞ்சங்கள் என்ற ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள். மலையிலிருந்து விழுந்து செத்த மகள் வேறொரு காலத்திலிருந்து திரும்பி வருகிறாள். கழுத்து நெரிந்து செத்த இன்னொரு வில்லன் லோகி வேறொரு பாதையில் தப்பித்துப் போகிறான். கடைசியில் 2024 ஜூலையில், டோனியாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியரே டாக்டர் டூம் என்ற வில்லனாக வரப்போகிறார் என்று அறிவித்தார்கள். அன்று ராத்திரி மருமகன் போன் செய்தான். “அவரையே கொண்டு வர்றாங்களாம் மாமா” என்றான். குரலில் சந்தோஷமே இல்லை. யாரும் உண்மையாகச் சாகாத ஊரில் தோள் எப்படிக் கன்றும்? சாவையே திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றால், நம் பாட்டிகளின் கண்ணீரையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் அந்தக் கதவு வழியாகவே எனக்கும் ஒன்று கிடைத்தது என்பதை மறைக்கக் கூடாது. 2021 டிசம்பரில் வந்த ஸ்பைடர்மேன் படத்தில் வெவ்வேறு காலத்தில் அந்த வேடம் போட்ட மூன்று ஸ்பைடர்மேன்களும் சேர்ந்து வந்தார்கள். என் 2004 பையன், டோபி மெக்வயர், முகத்தில் வயசு ஏறி நின்றார். முதுகு வலிக்கிறது என்று அவர் சொல்ல, இன்னொரு ஸ்பைடர்மேன் பின்னாலிருந்து கட்டித் தூக்கிச் சொடக்கு எடுத்துவிடுகிறார். தியேட்டர் முழுக்கச் சிரித்தது. எனக்குத் தொண்டை அடைத்தது. 17 வருடம் கழித்து அந்த ரயிலின் வலியை யாரோ ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதே மாதம் மலையாளத்தில் ‘மின்னல் முரளி’யும் வந்தது. அதில் வில்லனாக, டீக்கடையில் வேலை பார்க்கும் ஷிபுவாக குரு சோமசுந்தரம் நடித்திருந்தார். காதலித்த பெண் கடைசியில் சரி என்று சொல்லும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் முகம் படுகிற பாடு போதும். சின்னக் கிராமம், ஒரு மின்னல், சில கயிறுகள். நானும் மருமகனும் முதல் தடவையாக ஒரே இடத்தில் அழுதது அந்தப் படத்துக்குத்தான்.

கயிற்றை அழிக்கிறவன்

பையன் இப்போது சென்னையில் விஷுவல் எஃபெக்ட்ஸ் வேலையில் இருக்கிறான். அக்காவுக்கு முதலில் பிடிக்கவில்லை. அவனுடைய வேலைக்கு ரோட்டோ, பெயிண்ட் என்று பெயர். ஒரு வினாடிக்கு 24 படம். 5 வினாடிக் காட்சி என்றால் 120 படம். ஒவ்வொன்றிலும் நடிகரின் உருவத்தை, முடி பறக்கும் ஓரம் உட்பட, கோடு போட்டு வெட்டி எடுக்க வேண்டும். ஹீரோ பறக்கும் காட்சி என்றால் அவரைத் தாங்கும் கயிற்றையும் வாரையும் ஒவ்வொரு படத்திலும் அழித்து, பின்னால் என்ன இருந்திருக்குமோ அதை வரைந்து ஒட்ட வேண்டும். பாதி ராத்திரிக்கு மேல் வேலை, கழுத்தெல்லாம் பிடித்துக்கொள்கிறது என்பான். 2023 செப்டம்பரில் மார்வெல் நிறுவனத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸ் தொழிலாளர்கள் ஒருமனதாக வாக்களித்துச் சங்கம் அமைத்தபோது, அந்தச் செய்தியை எனக்கு முதலில் அனுப்பியவன் அவன்தான்.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் தான் வேலை செய்த ஒரு படத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டார்கள். கூட்டம் கிளம்பிவிட்டது. துடைப்பத்தோடு இரண்டு அக்காமார் உள்ளே வந்து வரிசை வரிசையாகக் கூட்டத் தொடங்கினார்கள். நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். பெயர்கள் சின்ன எழுத்தில் ஓடின. அவன் கம்பெனி பெயர் வந்தது, அவன் பெயர் வரவில்லை. வராது என்று அவனுக்கு முன்னாலேயே தெரியும், நான்தான் கடைசி வரைக்கும் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, ஹீரோ மாடியிலிருந்து குதித்து மிதந்து வருவாரே, அந்த ஷாட் தன்னுடையது என்றான். அசல் ஃபிரேமில் இடது ஓரத்தில் ஏழு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பார்களாம். மூன்று வாரம் அந்த ஏழு பேரை அழிப்பதுதான் அவன் வேலை.

“அவங்க மூஞ்சியெல்லாம் எனக்கு மனப்பாடம் மாமா. ஊதாச் சட்டை போட்டு ஒருத்தரு நிப்பாரு. ஷாட் முடிஞ்சதும் கயித்த விட்டுட்டு வலது தோளப் பிடிச்சு இப்படி அமுக்குவாரு.”

வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடி அவன் தன் தோளைப் பிடித்து அமுக்கிக் காட்டியது கண்ணாடியில் தெரிந்தது.